பழைய டீசல் பிக்கப் ஐடிலில் உதறுகிறது: பம்பை இறக்கச் சொல்கிறார்கள், அதற்கு முன் என்னென்ன பார்க்கலாம்?

ஆத்தங்குடி_லோடு

எல்லாருக்கும் வணக்கம். 2002 மாடல் பிக்கப் ஒன்று வைத்து ஆத்தங்குடியிலிருந்து தரைக்கல் ஏற்றி ஓட்டுகிறேன். நாலு சிலிண்டர் டீசல், டர்போ கிடையாது, டீசலை அழுத்தி அனுப்புவது மைக்கோ கம்பெனியின் இன்லைன் பம்பு. ஸ்கேனர் சொருக இடமே இல்லாத வண்டி, எதுவானாலும் காதையும் கையையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கார்த்திகை மழை விட்டதிலிருந்து இந்தத் தொல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் உடனே பிடித்துக்கொள்கிறது. கொஞ்ச நேரம் ஓடி, அப்புறம் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது. கைப்பம்பை நாலு அடி அடித்தால் மறுபடி பிடிக்கும். வெள்ளைப் புகை, கண்ணைக் கரிக்கிற டீசல் வாடை. சூடான பிறகு நிற்பதில்லை, ஆனால் ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓட விட்டால், வண்டியே உதறுகிறது. ரேஸ் கொடுத்தால் உதறல் அடங்கிவிடும். லோடோடு ரயில்வே மேம்பாலம் ஏறும்போது முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வண்டி இப்போது இரண்டாவது கேட்கிறது.

டீசல் ஃபில்டர் புதுசு போட்டாயிற்று. ஏர் ஃபில்டர் கழற்றி அடித்துச் சுத்தம் செய்தாயிற்று. ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். பம்பை இறக்கி ஓவர்ஹால், டீசலைச் சிலிண்டருக்குள் தூவுகிற நாலு நாசிலும் புதுசு என்றார்கள். சொன்ன தொகை, வண்டி ஒரு மாசம் ஓடி எனக்கு மிஞ்சுவதைவிட அதிகம்.

எனக்கு அவசரம் இருப்பதற்குக் காரணம் கல்தான். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகை மேல் சாயம் ஊற்றி, சிமென்ட் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்துக் காய வைப்பது. முனை தெறித்தால் அந்தக் கல் அவ்வளவுதான். கேட் போட்டு வண்டி நிற்கும்போது உதறுகிற உதறலில், பின்னால் கல்லோடு கல் உரசுகிற சத்தம் சீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கே கேட்கிறது. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கிற வேலைக்கு இன்னும் நிறைய லோடு போக வேண்டும். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பைக்_பையன்

அண்ணே, பிளக் மாற்றிப் பார்த்தீர்களா? என் பைக்கில் இப்படித்தான் மிஸ்ஸிங் வந்தது, பிளக் மாற்றியதும் சரியானது.

தேவகோட்டை_ஸ்பேனர்

தம்பி, அது பெட்ரோல் வண்டிக்கு. டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தி வருகிற சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். ஹீட்டர் பிளக் என்று ஒன்று சில எஞ்சின்களில் உண்டு, அது குளிரில் ஸ்டார்ட் ஆக உதவத்தான். அதனால் டீசலில் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால் காரணம் மூன்று இடத்தில்தான் இருக்க முடியும்: டீசல் சரியாக வரவில்லை, வந்த டீசலை நாசில் சரியாகத் தூவவில்லை, இல்லை கம்ப்ரஷன், அதாவது காற்றின் அழுத்தம், பத்தவில்லை.

புதுவயல்_ரைஸ்மில்

காலையில் நின்று கைப்பம்பு அடித்தால் பிடிக்கிறது என்றால் டீசல் லைனில் ஏர் எடுக்கிறது, சந்தேகமே வேண்டாம். எங்கள் மில் வண்டியிலும் வந்தது.

ஆனால் என் அபிப்பிராயம், ஒர்க்‌ஷாப்காரர் சொன்னதில் தப்பில்லை. இருபது வருஷம் தாண்டிய பம்பு. நெல் சீசனில் வண்டி ஒரு நாள் நின்றால் எனக்கு நஷ்டம், அதனால் நான் ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருக்க மாட்டேன். ஒரேயடியாகப் பம்பு, நாசில் எல்லாம் பார்த்துவிட்டு நிம்மதியாக ஓட்டுவேன். சில்லறையாகச் செலவு செய்து செய்து கடைசியில் அதே தொகைதான் ஆகும்.

கோட்டையூர்_பலகாரம்

தம்பி, நானும் ஒரு பழைய வேன் வைத்துப் பலகாரம் கொண்டு போகிறேன். தேன்குழலும் மனகோலமும் டின்னில் போனாலும் உதறலில் நொறுங்கிவிடும், அதனால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. எங்கள் வண்டியில் உதறல் வந்தபோது எஞ்சினில் ஒன்றுமே இல்லை. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் ஒன்று அமுங்கி, இரும்போடு இரும்பு இடித்துக்கொண்டிருந்தது. ரப்பர் மாற்றியதும் தீர்ந்தது. உங்களுக்கு நிற்கிற தொல்லையும் புகையும் இருப்பதால் அது மட்டும் காரணமாக இருக்காது. ஆனாலும் ஒரு டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள், காசு செலவில்லாத வேலை.

ஐடிஐ_டீசல்

நான் டீசல் மெக்கானிக் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். தம்பி தன் தொல்லையைச் சொன்ன விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்ப்போம்.

காலையில் ஓடி நிற்பது ஒன்று. சூடான பிறகு ஐடிலில் உதறுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே காரணம் என்று நாமாக முடிச்சுப் போடுகிறோம். இருபது வருஷ வண்டியில் இரண்டு கோளாறு ஒரே சமயத்தில் இருப்பது சகஜம். ஏர் எடுக்கிற வண்டி ராத்திரி நிற்கும்போது லைனில் இருக்கிற டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்புக்குள் இருக்கிற மிச்ச டீசலில் ஓடும், அது தீர்ந்ததும் நிற்கும். இது தம்பி சொன்னதோடு அப்படியே பொருந்துகிறது. ஆனால் ஒருமுறை ஏர் வெளியேறி, வண்டி சூடாகி, மணிக்கணக்கில் ஓடிய பிறகும் ஒரே சீராக உதறுகிறது என்றால், அது ஏர் உதறல் மாதிரி இல்லை. ஏர் உதறல் ஒழுங்கில்லாமல் வரும்: ஏறும், இறங்கும், திடீரென்று சரியாகும். ஒரு சிலிண்டர் படுத்தால் வருகிற உதறலுக்கு ஒரு தாளம் உண்டு. சைலன்சர் பக்கம் நின்று கேட்டால் தப்-தப்-தப்-என்று வந்து நாலாவது அடி விழாமல் போகும்.

தம்பி, முதலில் சொல்லுங்கள், சூட்டில் வருகிற உதறலுக்குத் தாளம் இருக்கிறதா?

புதுவயல் நண்பருக்கு ஒரு வார்த்தை. பம்பை இறக்குவதை நான் எதிர்க்கவில்லை. டெஸ்ட் பெஞ்சில் ஏற்றிக் காலிபரேஷன் செய்வது நல்ல வேலைதான். ஆனால் பம்பை இறக்கினால் திரும்ப மாட்டும்போது டைமிங் வைக்க வேண்டும். குறி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் வெள்ளைப் புகையோ தட்டலோ புதிதாக வரும். அப்போது பழைய கோளாறு எது, நாம் உண்டாக்கிய கோளாறு எது என்று யாருக்கும் தெரியாது. நன்றாக இருக்கிற பம்பைத் தொடக் கூடாது என்பதற்கு அதுதான் காரணம்.

ஆத்தங்குடி_லோடு

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு நின்று கேட்டேன். தாளம் இருக்கிறது. நாலில் ஒன்று விழவில்லை. ஐடிலில் தெளிவாகத் தெரிகிறது, ரேஸ் கொடுத்தால் கலந்துவிடுகிறது. அக்கா சொன்னபடி மவுண்டிங் ரப்பரும் பார்த்தேன், வெடிப்பு இல்லை, அமுங்கவும் இல்லை.

ஐடிஐ_டீசல்

சரி. அப்படியானால் இரண்டையும் தனித்தனியாகவே துரத்துவோம். முதலில் ஏர்.

ஐந்து லிட்டர் சுத்தமான கேன் ஒன்றில் புது டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரமான இடத்தில் அசையாமல் கட்டுங்கள். டீசலை இழுத்துக் கொடுக்கிற ஃபீட் பம்புக்கு வருகிற டேங்க் லைனைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, கேனிலிருந்து ஒரு டியூபை நேரே ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். டியூப் உள்ளே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். ஃபேன், சைலன்சர் இரண்டிலும் படாமல் ஒதுக்கிக் கட்ட வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்தி, குமிழி போய் வெறும் டீசல் வரும்வரை கைப்பம்பு அடியுங்கள். அப்புறம் பம்பில் இருக்கிற ஸ்குரூ. பிறகு ஸ்டார்ட் செய்து ஓட விட்டு நிறுத்திவிட்டு, ராத்திரி அப்படியே இருக்கட்டும். காலையில் கைப்பம்பைத் தொடாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

நிற்காமல் ஓடினால் கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில். அப்போதும் நின்றால் ஃபீட் பம்பு, ஃபில்டர் தலை, பம்பு இந்தப் பக்கம். ஒரே சோதனையில் வண்டியில் பாதியை ஒதுக்கிவிடலாம், செலவு ஒரு முழம் டியூப். நின்ற இடத்தில் சோதிக்கத்தான் இது. கேனைக் கட்டிக்கொண்டு ரோட்டில் போகாதீர்கள்.

திருமயம்_டிரைவர்

கூடவே டேங்க் மூடியையும் பாருங்கள். மூடியில் காற்று போகிற ஓட்டை செம்மண் புழுதியில் அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் இழுவை உண்டாகி டீசல் வராது. ஆனால் அந்தக் கோளாறு காலையில் வராது, கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் வரும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே போகும். நம் பக்கத்து மண் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இது அடிக்கடி வருகிற விஷயம். மழைக்குப் பிறகு என்பதால் ஃபில்டர் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் ஒருமுறை டிரெயின் பண்ணிப் பார்க்கலாம்.

ஆத்தங்குடி_லோடு

கேன் சோதனை முடிந்தது. காலையில் ஒரே பிடி, நிற்கவே இல்லை. வெள்ளைப் புகை குறைந்தது, முழுதாகப் போகவில்லை. சூடானதும் அதே உதறல், அதே தாளம். ஐயா சொன்ன மாதிரி இரண்டும் வேறு வேறுதான்.

பிறகு டேங்க் லைனைத் திரும்ப மாட்டி, நடுவில் அந்தப் பிளாஸ்டிக் டியூபை வைத்துப் பார்த்தேன். கடுகு அளவு குமிழி வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் லைன் முழுவதும் தடவிப் பார்த்துவிட்டேன், எங்கேயும் ஒழுகல் இல்லை. சேஸிஸ் காய்ந்து கிடக்கிறது. டேங்க் மூடியும் தண்ணீரும் பிரச்சினை இல்லை.

ஐடிஐ_டீசல்

ஒழுகாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்புவரை இருப்பது இழுக்கிற பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். ஓட்டை விழுந்த ஸ்ட்ராவில் இளநீர் குடித்தால் வெறும் காற்று வருகிற மாதிரி. அதனால்தான் இந்தக் கோளாறு பலர் கண்ணில் படாமல் போய், பழி பம்பின் மேல் விழுகிறது.

ரப்பர் ஹோஸ் கிளிப்புக்கு அடியில்தான் வெடிக்கும். கிளிப்பைக் கழற்றி, ஹோஸை வளைத்துப் பாருங்கள். டீசலை வடிகட்டுகிற ஸ்டிரெயினர் கிண்ணத்தின் வாஷர், லைனை மாட்டுகிற ஓட்டை போல்ட்டான பேஞ்சோ போல்ட்டின் செம்பு வாஷர் இரண்டையும் பாருங்கள். செம்பு வாஷர் பழையதாக இருந்தால் இறுகிப்போய் சரியாக உட்காராது. புதுசு போடுவது நல்லது, இல்லையென்றால் சிவக்கக் காய்ச்சி ஆற வைத்துப் போட்டால் மெதுவாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ் 6 என்கிற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசல்தான். கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இல்லை. அதற்கு முந்தைய பிஎஸ் 4 டீசலில் 50 வரை இருந்தது. கந்தகம் எடுக்கிற சுத்திகரிப்பில் ரப்பரை ஊறி உப்ப வைக்கிற சில பொருள்களும் குறைகின்றன. பழைய டீசலில் வருஷக்கணக்கில் ஊறிக் கிடந்த நைட்ரைல் ரப்பர், அந்த ஊறல் குறைந்தால் சுருங்கி, பிடி விடும். வயசான சீலும் ஹோஸும் இருக்கிற வண்டிக்காரர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டீசலைக் குறை சொல்லிப் பயனில்லை, ரப்பரை மாற்றிவிடுவதுதான் வழி.

ஆத்தங்குடி_லோடு

கிடைத்துவிட்டது. ஸ்டிரெயினர் கிண்ணத்துக்குப் போகிற ஹோஸ். கிளிப்பைக் கழற்றியதும் கிளிப் இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தடம், அந்தத் தடத்தில் நகம் நுழைகிற அளவு வெடிப்பு. ஹோஸ் ரப்பர் மாதிரியே இல்லை, விறகு மாதிரி விறைத்திருந்தது. டேங்கிலிருந்து பம்புவரை இருக்கிற ரப்பர் எல்லாமே புதுசாகப் போட்டேன், செம்பு வாஷர்களும் மாற்றினேன். காலைத் தொல்லை தீர்ந்தது. இப்போது உதறலுக்கு வருவோம் ஐயா.

தேவகோட்டை_ஸ்பேனர்

இதை நான் சொல்கிறேன், தினமும் செய்கிற வேலை.

எந்த சிலிண்டர் படுத்திருக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, உடனே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் நாலு கிளையிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மூன்று சீக்கிரம் காயும், வேலை செய்யாதது ஈரமாகவே நிற்கும். தூரத்திலிருந்து சூடு பார்க்கிற கன் இருந்தால் இன்னும் சுலபம். சூடான பிறகு இதைச் செய்தால் வித்தியாசம் சரியாகத் தெரியாது, பக்கத்து சூடு பரவிவிடும்.

அப்புறம் உறுதி செய்ய, ஐடிலில் ஓடும்போது நாசில் தலையில் இருக்கிற பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். 17 ஸ்பேனர், சில வண்டிக்கு 19. அரைச் சுற்று போதும், துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். நன்றாக வேலை செய்கிற சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் இன்னும் மோசமாக உதறும், ஆர்பிஎம் விழும். படுத்த சிலிண்டரைத் தளர்த்தினால் எந்த மாற்றமும் இருக்காது. அதுதான் நாம் தேடுகிற ஆள்.

ஐடிஐ_டீசல்

தம்பி சொன்னது சரியான முறை. அதோடு நான் வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுகிற விஷயத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி எஞ்சின்களில் நாசில் 200 பாருக்கு மேல் அழுத்தத்தில்தான் திறக்கும். நாசிலிலிருந்தோ, பைப்பில் இருக்கிற மெல்லிய வெடிப்பிலிருந்தோ வருகிற தூவல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. உள்ளே சதை அழுக ஆரம்பிக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். அப்படி நடந்தால் வலிக்கவில்லையே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரி போய், அழுத்தத்தில் டீசல் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒழுகுகிற இடத்தைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது, அட்டையைக் காட்டிப் பாருங்கள். கண்ணாடி போடாமல் குனியாதீர்கள்.

ஆத்தங்குடி_லோடு

மூன்றாவது சிலிண்டர். தண்ணீர்ச் சொட்டு அங்கே மட்டும் உருண்டுகொண்டு நின்றது. நட்டைத் தளர்த்தியபோது 1, 2, 4 மூன்றுக்கும் எஞ்சின் துடித்துப் போனது. மூன்றைத் தளர்த்தினேன், சத்தத்தில் துளி மாற்றம் இல்லை. நாசில் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

புதுவயல்_ரைஸ்மில்

அது ஒன்று மட்டும்தான் என்றால் ஒரு நாசில் மாற்றினால் போதுமே. அப்படியானால் என் யோசனையைவிட இது செலவு குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன்.

தேவகோட்டை_ஸ்பேனர்

இன்னும் வாங்காதீர்கள். மூன்றாவது நாசிலைக் கழற்றி ஒன்றாவதில் போடுங்கள், ஒன்றாவதை மூன்றில் போடுங்கள். உதறல் ஒன்றாவது சிலிண்டருக்குப் போனால் நாசில் கெட்டது. மூன்றிலேயே நின்றால் நாசில் நிரபராதி. மாற்றும்போது அடியில் இருக்கிற செம்பு வாஷர் புதுசு போடுங்கள், பழைய வாஷர் குழியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்று இரண்டு வாஷர் உட்கார்ந்தால் நாசில் உயர்ந்துபோய்த் தூவல் தப்பும். புதுக் கோளாறு அப்படித்தான் நுழையும்.

ஆத்தங்குடி_லோடு

மாற்றிப் போட்டேன். மூன்றிலேயே நிற்கிறது.

ஐடிஐ_டீசல்

அருமை. இப்போது மிச்சம் இரண்டுதான். பம்பில் மூன்றாவது சிலிண்டருக்கு டீசல் அனுப்புகிற எலிமென்ட்டோ டெலிவரி வால்வோ, இல்லை மூன்றாவது சிலிண்டரின் கம்ப்ரஷன். கம்ப்ரஷன் கேஜ் எடுப்பதற்கு முன்னால் காசில்லாத சோதனை ஒன்று இருக்கிறது.

வண்டி சூடாக ஐடிலில் ஓடட்டும். ஒரு தாளைச் சைலன்சர் வாய்க்கு அருகே தொங்க விட்ட மாதிரி பிடியுங்கள். நல்ல எஞ்சினில் தாள் வெளிப்பக்கமாகவே படபடக்கும். எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாத எஞ்சினில் நடுநடுவே தாள் உள்பக்கம் இழுபடும். வால்வு மூடாமல் பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று சைலன்சர் வழியாகவே திரும்பப் போகப் பார்க்கும், அதனால் வருகிற இழுப்பு. இன்லெட் வால்வு என்றால் ஏர் ஃபில்டர் பக்கம் புஸ் புஸ் என்று திரும்பி வரும். எண்ணெய் ஊற்றுகிற மூடியையும் திறந்து பாருங்கள். அங்கே புகை அடித்துக்கொண்டு வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது.

ஆத்தங்குடி_லோடு

ஐயா, தாள் இழுபடுகிறது! பேப்பர் படபடவென்று வெளியே அடித்துக்கொண்டிருந்து, அந்த விழாத அடி வருகிற நேரத்தில் ஒரு இழுப்பு இழுக்கிறது. பக்கத்தில் நின்ற என் மகன்தான் முதலில் கவனித்தான். எண்ணெய் மூடியில் புகை இல்லை, ஏர் ஃபில்டர் பக்கமும் ஒன்றும் இல்லை.

தேவகோட்டை_ஸ்பேனர்

மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வு. டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, பார்த்து எவ்வளவு காலமாயிற்று அண்ணே?

ஆத்தங்குடி_லோடு

வண்டியை நான் வாங்கிய பிறகு யாரும் டேப்பட் கவரைக் கழற்றவில்லை.

ஐடிஐ_டீசல்

அங்கேதான் விஷயம். டேப்பட் என்றால் லூஸாகித் தட்டுகிறதா என்று மட்டும் எல்லாரும் பார்க்கிறார்கள். தட்டுகிற டேப்பட் காதுக்குக் கேட்கும், பெரிய கெடுதல் உடனே வராது. இறுகின டேப்பட் சத்தமே போடாது, ஆனால் வால்வைத் தின்றுவிடும். வால்வு தன் சீட்டில் அடி வாங்கி வாங்கி உள்ளே இறங்க இறங்க, அதன் தண்டு மேலே ஏறி, அதை அமுக்கித் திறக்கிற ராக்கரோடு இருக்கிற இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூடாகும்போது வால்வு நீளும். இடைவெளி இல்லையென்றால் அந்த நீட்சிக்கு இடமில்லாமல் வால்வு மயிரிழை திறந்தே நிற்கும். சூட்டில் உதறல் அதிகம் என்று தம்பி சொன்னதற்குக் காரணம் அதுதான். வேகத்தில் கசிய நேரம் குறைவு, அதனால் ரேஸ் கொடுத்தால் அடங்குகிறது.

எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் சிலிண்டர் ஹெட்டுக்கு இறக்கி வைக்கும். உட்காரவே இல்லையென்றால் சூடு இறங்க வழியில்லை, விளிம்பு கருகும். அதனால் இப்படியே ஓட்டாதீர்கள்.

பார்க்கும் முறை இது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டுமா, சூடாக இருக்க வேண்டுமா, இடைவெளி எவ்வளவு என்பது உங்கள் எஞ்சினின் கையேட்டில் இருக்கிறபடி. இன்லெட்டுக்கு ஒரு அளவு, எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு அளவு இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சினைச் சுற்றுங்கள். இரண்டாவது சிலிண்டரின் இரண்டு வால்வும் ஒன்று மூடி ஒன்று திறக்கிற இடத்தில் ஆடும்போது நிறுத்தினால், மூன்றாவதின் இரண்டு வால்வும் முழுக்க மூடி இருக்க வேண்டிய இடம். அப்போது மூன்றாவதில், இடைவெளி அளக்கிற தகடான ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். அதே மாதிரி மூன்று ஆடும்போது இரண்டு, ஒன்று ஆடும்போது நாலு, நாலு ஆடும்போது ஒன்று.

தேவகோட்டை_ஸ்பேனர்

அண்ணே, இடைவெளியை மாற்றுவதற்கு முன்னால் கம்ப்ரஷன் எடுத்து எழுதி வைத்துக்கொண்டால் நல்லது. முன்பு எவ்வளவு, பின்பு எவ்வளவு என்று தெரியும். என்னிடம் டீசல் கேஜ் இருக்கிறது, நாசில் குழிக்கு அடாப்டரும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்குடிப் பக்கம் வருகிறேன். பெட்ரோல் வண்டிக்குச் செய்கிற மாதிரி சிலிண்டரில் எண்ணெய் ஊற்றிச் சோதிக்க வேண்டாம். டீசலில் மேலே இருக்கிற இடம் ரொம்பக் குறைவு, எண்ணெய் அதிகமானால் பிஸ்டன் இடித்துக் கனெக்டிங் ராடு வளையும்.

கோட்டையூர்_பலகாரம்

கேஜோடு வீடு தேடிப் போகிற பிள்ளை இந்தக் காலத்தில் இருப்பது சந்தோஷம். ஆத்தங்குடி போகிற வழியில் கோட்டையூரில் இறங்கிவிட்டுப் போ தம்பி, சீப்புச் சீடை எடுத்து வைக்கிறேன்.

ஆத்தங்குடி_லோடு

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்திருந்தார். அளவுகளை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

சூடான எஞ்சினில் கம்ப்ரஷன்: ஒன்றும் இரண்டும் 26 பார், நாலு 25, மூன்று வெறும் 17. டேப்பட் கவரைக் கழற்றினோம். மூன்றாவது எக்ஸாஸ்ட்டில் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. ராக்கரை விரலால் ஆட்டினால் மற்றதெல்லாம் டிக் டிக் என்று லேசாக ஆடுகிறது, இது மட்டும் கல் மாதிரி நிற்கிறது. மற்ற வால்வுகளிலும் இடைவெளி கொஞ்சம் முன்பின்னாக இருந்தது. எல்லாவற்றையும் கையேட்டு அளவுக்கு வைத்தோம். லாக் நட்டை இறுக்கிய பிறகு மறுபடி அளக்க வேண்டும் என்று தம்பி சொன்னார், ஏனென்றால் இறுக்கும்போது ஸ்குரூவும் சேர்ந்து நகர்கிறது. இரண்டு வால்வில் அப்படி நகர்ந்திருந்தது.

திரும்பக் கம்ப்ரஷன்: மூன்று 23. ஸ்டார்ட் செய்தோம். உதறல் போய்விட்டது. தாள் ஒரே பக்கமாகப் படபடக்கிறது. காலைப் புகையும் இப்போது கண்ணுக்குத் தெரிகிற அளவில் இல்லை. லோடோடு மேம்பாலம் மூன்றாவது கியரில் ஏறியது. ஆன செலவு ஹோஸ், கிளிப், வாஷர், டேப்பட் கவர் பேக்கிங், அவ்வளவுதான். தம்பி கூலி வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன்.

புதுவயல்_ரைஸ்மில்

ரொம்ப சந்தோஷம். எங்கள் மில் வண்டிக்கும் டேப்பட் பார்த்து வருஷக்கணக்கில் ஆயிற்று. நாளைக்கே கவரைக் கழற்றச் சொல்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். மற்றது 26 இருக்கும்போது 23 போதுமா?

ஐடிஐ_டீசல்

நல்ல கேள்வி. சிலிண்டருக்குச் சிலிண்டர் 3 பார் வித்தியாசம் என்பது எல்லையில் நிற்கிற கணக்கு. ஓடும், ஆனால் வால்வும் சீட்டும் கொஞ்சம் அடி வாங்கியிருக்கின்றன என்று அர்த்தம். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அந்த ஒரு வால்வை மறுபடி அளந்து பாருங்கள். வைத்த இடைவெளி அப்படியே இருந்தால் அடுத்த சர்வீஸ்வரை கவலையில்லை. குறைந்திருந்தால் வால்வு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்போது டேப்பட்டைத் திரும்பத் திரும்பத் தளர்த்தி ஓட்டுவது வைத்தியமாகாது, ஹெட்டை இறக்க வேண்டியதுதான்.

ஆத்தங்குடி_லோடு

அளந்தேன் ஐயா. மற்ற ஏழும் வைத்தபடியே இருக்கின்றன. மூன்றாவது எக்ஸாஸ்ட் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. திரும்ப அளவுக்கு வைத்துவிட்டேன், உதறல் இல்லை. நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல்வரை கானாடுகாத்தான் லோடு இருக்கிறது. அதை முடித்துவிட்டு ஹெட்டை இறக்குகிறேன். லேத்தில் என்ன வேலை என்று கேட்டுச் செய்ய வேண்டும், சொல்லுங்கள்.

ஐடிஐ_டீசல்

அதுவரை வாரம் ஒருமுறை அந்த வால்வை அளந்துகொண்டே ஓட்டுங்கள், லோடைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். லேத்தில் வால்வை மட்டும் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். முதலில் வால்வுத் தண்டு நகர்கிற கைடு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கைடில் ஆட்டம் இருந்தால் புது வால்வும் கோணலாக உட்கார்ந்து கருகும். சீட் ரொம்ப இறங்கியிருந்தால் சீட் ரிங்கும் மாற்ற வேண்டும். சீட் வெட்டிய பிறகு வால்வைச் சீட்டோடு தேய்த்து லேப்பிங் செய்து, விளிம்பில் சாம்பல் நிறத்தில் உடையாத வளையம் விழுந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ப்பட்டை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வால்வெல்லாம் மாட்டிய பிறகு ஹெட்டைக் கவிழ்த்து, ஒவ்வொரு வால்வின் மேலும் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் விடச் சொல்லுங்கள். போர்ட் பக்கம் ஈரம் கசியக் கூடாது. அந்தச் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். மாட்டிக் கொஞ்சம் ஓட்டிய பிறகு ஹெட் போல்ட் திரும்ப இறுக்க வேண்டுமா என்பது கேஸ்கட்டைப் பொறுத்தது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். டேப்பட் எப்படியும் மறுபடி அளக்க வேண்டும்.

தேவகோட்டை_ஸ்பேனர்

ஹெட் இறக்குகிற அன்றைக்குச் சொல்லுங்கள் அண்ணே, டார்க் ரெஞ்ச் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதற்குள் ஹெட் கேஸ்கட், எட்டு வால்வு சீல், நாசில் வாஷர் நாலு வாங்கி வைத்துவிடுங்கள்.